பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முழு மயக்கம்: எந்த மாத்திரையை நிறுத்துவது, எத்தனை மணி நேரம் வெறும் வயிறு?

தறிப்பட்டறை (வெள்ளி, இரவு 9.10)

அடுத்த வியாழன் காலை 11 மணிக்கு அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே செய்வது). வயது 58, எடை 72 கிலோ, உயரம் 152 செ.மீ. 10 வருஷமாகச் சுகர், 6 வருஷமாகப் பிரஷர். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்) 7.8. இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்.

சாப்பிடும் மாத்திரை: சுகருக்கு மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. டபாக்ளிஃப்ளோசின் 10 காலை. கிளைமிபிரைடு 1 காலை. பிரஷருக்கு டெல்மிசார்டான் 40 காலை. ஆம்லோடிபின் 5 இரவு.

மயக்க டாக்டர் புதன்கிழமை அட்மிஷன் ஆன பிறகுதான் பார்ப்பாராம். அதற்குள் தெரியவேண்டியது இவ்வளவு. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டே முடித்துவிடுகிறார்கள், இதற்கு மட்டும் ஏன் முழு மயக்கம்? "ராத்திரி 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணி பல்லில் படக்கூடாது" என்கிறார்கள். சுகர்காரருக்கு 13 மணி நேரம் அப்படி இருக்கலாமா? எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது? கடைசியாக, அம்மாவே கேட்கச் சொன்னது: நடுவில் விழிப்பு வந்தால்? நடுவில் கரண்ட் போனால்?

காற்றுக்குழாய் (வெள்ளி, இரவு 10.25)

மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் புதன்கிழமை வரை காத்திருக்கும், இது காத்திருக்காது.

டபாக்ளிஃப்ளோசினை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். வியாழன் ஆபரேஷன் என்றால் ஞாயிறு காலை போடுவதே கடைசி. திங்கள், செவ்வாய், புதன் கிடையாது. புதன் சாயங்காலம் மயக்க டாக்டர் சீட்டைப் பார்க்கும்போது அன்று காலையும் அதை விழுங்கியிருந்தால், கேஸைத் தள்ளிப்போடவே வாய்ப்பு அதிகம். நாளைக்கே சுகர் டாக்டரைக் கூப்பிட்டு, இதை நிறுத்தினால் அந்த மூன்று நாளைக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

காரணம் இதுதான். இந்த வகை மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும். அதோடு வெறும் வயிறும் ஆபரேஷனும் சேர்ந்தால் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும். வழக்கமான கீட்டோஅசிடோசிஸ் (இப்படி அமிலம் ஏறும் நிலை) என்றால் குளுக்கோமீட்டர் 400, 500 என்று காட்டிக்கொடுத்துவிடும். இதில் 160, 180 என்றே நிற்கும். 'சுகர் நார்மல்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பேஷன்ட் வாந்தியும் மூச்சுவாங்கலுமாகக் கிடப்பார், பழி மயக்க மருந்தின் மேல் விழும். எம்பாக்ளிஃப்ளோசின், கனாக்ளிஃப்ளோசினுக்கும் இதே 3 நாள், எர்டுக்ளிஃப்ளோசினுக்கு 4. கூட்டு மாத்திரையாக இருந்தால் பெயரில் தெரியாது, அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் வியாழன் காலை வேண்டாம். இரண்டில் கிளைமிபிரைடுதான் ஆபத்து: வெறும் வயிற்றில் சுகரை இறக்கும். விழித்திருப்பவர் வியர்ப்பார், படபடப்பார், உளறுவார். மயக்கத்தில் இருப்பவர் எதையும் காட்டமாட்டார். டெல்மிசார்டான் புதன் காலையோடு போதும் என்பது பெரும்பாலானோர் வழக்கம். அதைப் போட்டுக்கொண்டு வந்தால் மயக்கம் கொடுத்ததும் பிரஷர் மளமளவென்று இறங்கி, ஏற்றும் ஊசிக்கும் சரியாக மசியாது. இதில் டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும். ஆம்லோடிபின் புதன் இரவு வழக்கம்போல.

இங்கே படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசி, செமாக்ளூடைடு மாதிரி, எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வயிறு காலியாவதையே அது தாமதப்படுத்தும். மணிக்கணக்குப்படி வெறும் வயிறாக இருந்தாலும் உள்ளே சோறு இருக்கும்.

முதுகில் ஊசி ஏன் போதாது? மரத்துப்போகும் உயரம் காரணமல்ல. சிசேரியனுக்கும் மார்பு மட்டம் வரை மரத்துப்போகத்தான் வேண்டும். வித்தியாசம் வாயுவில் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் ஏற்றி, கூடாரம் மாதிரி தூக்கி நிறுத்துவார்கள். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் சுருங்கும். வாயு ரத்தத்திலும் கலக்கும். அதை வெளியேற்றக் கூடுதலாக மூச்சு விடவேண்டும், அந்த நேரம் பார்த்து மூச்சு விடுவதே கஷ்டம். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் அதன் வலி தோள்பட்டையில் தெரியும். முதுகு ஊசி அந்த உயரத்தைத் தொடாது. முதுகு ஊசியிலேயே (ஸ்பைனல்) செய்கிற இடங்களும் உண்டு, ஆனால் 72 கிலோ, 152 செ.மீ. உள்ளவருக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

தியேட்டரில் நடப்பது சுருக்கமாக: கையில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் சின்னக் குழாய்), இசிஜி, பிரஷர் பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். பிறகு முகத்தில் மாஸ்க்கை இறுக்கமாக வைத்து 3 நிமிஷம் சுத்த ஆக்சிஜன். எல்லோரும் 'இதுதான் மயக்கம்' என்று நினைத்து முகத்தைத் திருப்புவது இந்த இடத்தில்தான். திருப்பக்கூடாது, உயிரைக் காப்பதே இந்த 3 நிமிஷம்தான். சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்று சுமார் 2 லிட்டருக்கு மேல். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். உடம்பு நிமிஷத்துக்கு 250 மி.லி. எரிக்கும். மூச்சு நின்றால் 2 நிமிஷம்கூடத் தாங்காது. அந்தக் காற்று முழுவதையும் ஆக்சிஜனாக மாற்றிவிட்டால் ஒல்லியான ஆளுக்கு 8 நிமிஷம் வரை கைவசம் இருக்கும். பருமனானவருக்கு இது பாதிக்கும் கீழே போய்விடும், அதனால் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டே ஆரம்பிப்போம்.

அப்புறம் ஃபென்டனில் என்ற வலி மருந்து, பால் மாதிரி வெள்ளையான மயக்க மருந்து புரோபோஃபால் (நரம்பில் கொஞ்சம் எரியும்), தசையைத் தளர்த்தும் மருந்து, தொண்டைக்குள் டியூப். பெண்களுக்கு வழக்கமாக 7 நம்பர் டியூப், பல் மட்டத்தில் 21 செ.மீ. டியூப் சரியான குழாயில்தான் இருக்கிறதா என்பதற்கு ஸ்டெதஸ்கோப்பை நம்புவதில்லை; மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அலை திரையில் தொடர்ந்து வரவேண்டும். வரவில்லையென்றால் டியூப் உணவுக்குழாயில் என்று வைத்துக்கொண்டு எடுத்துவிட வேண்டியதுதான். மெஷின் தள்ளும் மூச்சை எடைக்கு அல்ல, உயரத்துக்குத்தான் கணக்கிடுவோம். 152 செ.மீ. பெண்ணுக்கு ஒரு மூச்சு 300 முதல் 350 மி.லி. எடை கூடினாலும் நுரையீரல் வளராது.

ரெகவரி_ரூம் (சனி, காலை 6.40)

'பச்சைத் தண்ணி கூடாது' என்பது வார்டுக்கு வசதியான விதி, வயிற்றுக்கு ஏற்ற விதி அல்ல. லிஸ்டில் மூன்றாவதாக இருந்த கேஸ் திடீரென முதல் கேஸாகும். அதற்குப் பயந்து எல்லோர் வாய்க்கும் ஒரே பூட்டு போட்டுவிடுகிறார்கள்.

சரியான கணக்கு: தெளிந்த நீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, மற்ற பாலும் லேசான சாப்பாடும் 6, எண்ணெய், கறி, பிரியாணி, பரோட்டா 8 அல்லது அதற்கு மேல். மயக்கம் தொடங்கும் நேரத்திலிருந்து பின்னால் எண்ணவேண்டும். தெளிந்த நீர் என்றால் டம்ளருக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியவேண்டும்: தண்ணீர், கடுங்காப்பி, பால் இல்லாத டீ. பால் திரவம்தானே என்பார்கள். வயிற்று அமிலத்தில் திரிந்து கட்டியாகிவிடும், அது சாப்பாட்டுக் கணக்கு. மோர், கஞ்சி, ராகிக்கூழ், ஹார்லிக்ஸ் எல்லாமே அந்தக் கணக்குதான்.

ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. 10 வருஷச் சுகரில் வயிற்று நரம்பு தளர்ந்து, சாப்பாடு மெதுவாக இறங்கும். 'கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தது மாதிரி இருக்கு', 'நேத்து சாப்பிட்டது இன்னும் எதுக்களிக்குது' என்று சொல்வாரா? சொன்னால் அதை அப்படியே மயக்க டாக்டரிடம் சொல்லுங்கள். இப்போது பல இடங்களில் வயிற்றின் மேல் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அப்படித் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் கேட்கவேண்டிய கேள்வி இது: "11 மணி கேஸ், 9 மணி வரை தண்ணீர் கொடுக்கலாமா?" அவர் சரி என்றால் சீட்டில் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை ஷிஃப்ட் மாறினால் மறைந்துவிடும். கூடவே, சுகர் இருப்பதால் முதல் கேஸாகப் போடமுடியுமா என்றும் கேளுங்கள்.

புதன் ராத்திரி 8 மணிக்குள் இட்லி, இடியாப்பம் மாதிரி ஏதாவது வயிறாரச் சாப்பிடட்டும். காலை 6 மணியிலிருந்து 2 மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் சுகர். 70-க்குக் கீழே போனால் உடனே நர்ஸிடம் சொல்லவேண்டும், ட்ரிப்ஸில் டெக்ஸ்ட்ரோஸ் போடுவார்கள். பாசத்தில் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டார் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னால் அதிகபட்சம் கேஸ் மதியத்துக்குத் தள்ளும். மறைத்தால் என்ன ஆகும்? புரோபோஃபால் உள்ளே போனதும் இருமல், விழுங்கல் இரண்டும் நின்றுவிடும், இரைப்பையின் மூடியும் தளரும். வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும். அமிலம் நுரையீரலை வேகவைக்கும், திடப்பொருள் குழாயை அடைக்கும். ஐசியு, வென்டிலேட்டர் என்று நாள்கணக்கில் போய்விடும்.

பாயில்ஸ் (சனி, காலை 11.15)

கரண்ட் கேள்விக்கு மெஷின் பக்கத்திலிருந்து பதில். தியேட்டரில் யுபிஎஸ், ஜெனரேட்டர் இருக்கும் என்பதை விட்டுவிடுங்கள். அதெல்லாம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆக்சிஜன் வருவது கரண்டில் அல்ல, அழுத்தத்தில். சுவர்க் குழாயில் சுமார் 4 பார், அது நின்றால் மெஷினின் பின்னால் மாட்டியிருக்கும் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள் சிலிண்டர். செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க ஆவிகளின் டப்பாக்களுக்குக் கரண்டே வேண்டாம், மேலே ஓடும் காற்று ஆவியை எடுத்துக்கொண்டு போகும். விதிவிலக்கு டெஸ்ஃப்ளூரேன்: சுமார் 23 டிகிரியிலேயே கொதிப்பதால் அதன் டப்பா 39 டிகிரியில் சூடாக்கி வைக்கப்படும், கரண்ட் இல்லாவிட்டால் அது நின்றுவிடும். புது மாடல் மெஷின்களில் வென்டிலேட்டருக்கும் திரைக்கும் உள்ளேயே பேட்டரி உண்டு. அதுவும் போனால் கையால் பை அமுக்குவது. மெஷினே மக்கர் பண்ணினால் தனியாகத் தொங்கும், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் அம்பு பை. அந்த அம்பு பை கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் கேஸ் தொடங்கக்கூடாது, அவ்வளவுதான்.

தினமும் முதல் கேஸுக்கு முன் செக்கிங்: சிலிண்டரைத் திறந்து அழுத்தம் பார்ப்பது, பிறகு மூடிவிடுவது (திறந்தே விட்டால் குழாய் அழுத்தம் குறையும்போது சத்தமில்லாமல் சிலிண்டர் தீர்ந்துவிடும்). வால்வை மூடி, சர்க்யூட்டின் (மெஷினிலிருந்து வரும் மூச்சுக் குழாய்கள்) வாயை அடைத்து 30 செ.மீ. நீரழுத்தம் ஏற்றினால் 10 விநாடி இறங்காமல் நிற்கவேண்டும். இறங்கினால் பெரும்பாலும் சோடாலைம் (மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் மணிகள்) டப்பாவின் ரப்பர் வளையத்தில் ஒரு மணி ஒட்டியிருக்கும். சக்‌ஷன் பம்ப், இரண்டு லாரிங்கோஸ்கோப் (டியூப் போடத் தொண்டையைக் காட்டும் விளக்குக் கருவி), ஒன்றின் பல்ப் போனால் மற்றது. சோடாலைம் நிறம்: நம்மூரில் பல இடத்தில் ரோஸ் நிறம் தீர்ந்ததும் வெள்ளையாகும், சில கம்பெனியில் வெள்ளை தீர்ந்து ஊதாவாகும். புது டப்பாவைப் பிரிக்கும்போது லேபிளைப் பார்க்காவிட்டால் தீர்ந்துபோனதை நல்லது என்று விட்டுவிடுவோம். மூச்சு அலையின் அடிக்கோடு பூஜ்யத்துக்கு வராமல் மேலேயே நின்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது அதைத்தான்.

விழிப்பு வருவது பற்றி. பிரிட்டன், அயர்லாந்தில் நடந்து 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், பேஷன்ட்டுகள் தாமாகச் சொன்னவை சுமார் 19,000 மயக்கத்துக்கு ஒன்று. தசை தளர்த்தும் மருந்து போட்ட கேஸ்களில் 8,000-க்கு ஒன்று, போடாதவற்றில் 1,36,000-க்கு ஒன்று. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், தசை தளராதவர் லேசாகத் தெளிந்தாலே கையை அசைத்துக் காட்டிவிடுவார். நடக்கும் காரணங்கள் பெரும்பாலும் சப்பையானவை: ஆவி டப்பா காலி, டப்பாவை நிரப்பிவிட்டு டயலைத் திருப்பி வைக்க மறந்தது, ஊசி மயக்கத்தில் துணிக்கு அடியில் வென்ஃப்ளான் கழன்று மருந்து படுக்கையை நனைத்தது. மூச்சில் திரும்பி வரும் ஆவியின் அளவைத் திரை காட்டும். வயதுக்கேற்ற அளவை 1 என்று வைத்து, அதில் 0.7-க்குக் கீழே போனால் அலாரம் அடிக்கும்படி வைத்துவிட்டால் முக்கால்வாசி இதிலேயே பிடிபடும்.

உங்கள் பக்கம் செய்யவேண்டியது: நெயில் பாலிஷ் அழித்துவிடுங்கள், விரல் கிளிப் நகத்தின் வழியே சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் பாய்ச்சித்தான் அளக்கிறது. ஆடும் பல், கழற்றும் பல்செட் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

தறிப்பட்டறை (சனி, மதியம் 2.05)

மூவருக்கும் நன்றி. சுகர் டாக்டரிடம் பேசிவிட்டேன், ஞாயிறோடு டபாக்ளிஃப்ளோசின் நிறுத்தச் சொன்னார். ஒரு விஷயம் இப்போதுதான் வீட்டில் சொன்னார்கள். பெரியம்மாவுக்கு, அம்மாவின் சொந்த அக்கா, முன்பு ஒரு அவசர ஆபரேஷன் முடிந்தும் 5 மணி நேரம் மூச்சு வராமல் மெஷினில் வைத்திருந்தார்களாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்கோலின் ஆப்னியா' என்று இருக்கிறது. இது சொல்லவேண்டிய விஷயமா?

காற்றுக்குழாய் (சனி, மதியம் 2.50)

கட்டாயம் சொல்லவேண்டியது, மேலே எழுதியதைவிட இதுவே முக்கியம். அந்தச் சம்மரியைப் போட்டோ எடுத்து அம்மாவின் ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள்.

ஸ்கோலின் என்பது சக்சினைல்கோலின், வேகமாகத் தசையைத் தளர்த்தும் மருந்து, அவசர கேஸ்களில் போடுவது. ரத்தத்தில் இருக்கும் சூடோகோலினெஸ்டெரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுவதால் 5 முதல் 10 நிமிஷத்தில் மூச்சு திரும்பிவிடும். நொதி பிறவியிலேயே பழுதாக இருந்தால் அதே மருந்து மணிக்கணக்கில் நிற்கும். மாற்று மருந்து என்று ஒன்றும் கிடையாது. மயக்கத்தைத் தொடர்ந்துகொண்டு, தானாகத் தெளியும் வரை வென்டிலேட்டரில் வைப்பதுதான் வைத்தியம். செய்யத் தெரிந்தவர் கையில் ஆபத்தில்லை. தெரியாமல் 'பேஷன்ட் எழுந்திரிக்கலையே' என்று மயக்கத்தை நிறுத்திவிட்டால், நினைவு இருந்தும் கண்ணிமைகூட அசைக்கமுடியாமல் கிடக்கும் கொடுமை.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்படி முழுதாக வெளிப்படும். பெற்றோர் தலா ஒன்றைச் சுமந்தவர்கள் என்றால், கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு. உங்கள் அம்மா அந்த வரிசையில் இருக்கிறார். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தில் இது மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் குடும்பம் எதிலும் கவனிக்கவேண்டியதே. பிறவிப் பழுது இல்லாமலும் இந்த நொதி குறையும்: கல்லீரல் நோய், கர்ப்ப காலம், முக்கியமாக ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து. வயலில் மருந்தடிக்கிறவருக்கு ஆபரேஷன் என்றால் அதைக் கேட்காமல் ஸ்கோலினைத் தொடக்கூடாது.

சோதனை: ரத்தத்தில் நொதி அளவு, முடிந்தால் டிபுகைன் எண் (நொதி பழுதா என்று காட்டும் சோதனை). சாதாரணமானவருக்கு 80 சுமார், முழுப் பழுதுள்ளவருக்கு 20 சுமார், ஒற்றைப் பழுது நடுவில். டிபுகைன் எல்லா லேபிலும் கிடைக்காது, நொதி அளவு பெரிய லேப்களில் கிடைக்கும். திங்களே கொடுத்துவிடுங்கள். முடிவு வராவிட்டாலும் ஆபரேஷனைத் தள்ளவேண்டியதில்லை. ஸ்கோலினைத் தொடாமல் ரோக்குரோனியம் என்ற வேறு தளர்த்தும் மருந்து போடலாம், அதைச் சிதைக்க இந்த நொதி தேவையில்லை. சுகமாடெக்ஸ் கையில் இருந்தால் ரோக்குரோனியத்தைச் சில நிமிஷத்தில் முறித்துவிடும். ஒரு எச்சரிக்கை: வழக்கமாக முறிக்கப் போடும் நியோஸ்டிக்மின் இந்த நொதியையும் அடக்கும், ஆகவே ஸ்கோலின் போட்டு மூச்சு திரும்பாதவருக்கு யோசிக்காமல் அதைப் போடுவது வம்பு.

ரெகவரி_ரூம் (சனி, இரவு 8.30)

பஸ் வாந்தி பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் அது கணக்கில் வரும். ஆபரேஷனுக்குப் பின் வாந்தி வருமா என்பதற்கு நாலு கேள்வி: பெண்ணா, புகைபிடிக்காதவரா, பயண வாந்தி அல்லது முன்பு மயக்க வாந்தி உண்டா, பிறகு ஓபியாய்டு (ஃபென்டனில் வகை) வலி மருந்து வேண்டியிருக்குமா. அம்மாவுக்கு முதல் மூன்று உறுதி. மூன்றுக்கு வாய்ப்பு சுமார் 60 சதவீதம், நாலுக்கு 80. மயக்க டாக்டரிடம் 'பஸ்ஸில் வாந்தி வரும்' என்ற ஒரு வரி போதும், வாந்தியைத் தடுக்கும் ஓண்டான்செட்ரானோடு இன்னொரு மருந்தும் சேர்ப்பார். வழக்கமாகச் சேர்ப்பது டெக்ஸாமெதாசோன்; அது சுகரை ஏற்றும் என்பதால் அன்று சாயங்காலம் 220, 250 காட்டினால் பதறவேண்டாம், ஆனால் அளந்துகொண்டே இருக்கவேண்டும்.

வெளியே வந்ததும் வலது தோள் வலிக்கிறது என்பார். மாரடைப்பு என்று சொந்தக்காரர்கள் கூட்டம் போடுவார்கள். பெரும்பாலும் உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவது, ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது என்றால் மட்டும் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். தொண்டைக் கரகரப்பு டியூபால். நடுக்கம் குளிராலும் மருந்தாலும், போர்வை கேளுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஸ்பூனில் தண்ணீர் ஊட்டாதீர்கள். முழுதாக விழித்து, தலையைத் தூக்கி 5 விநாடி வைக்கமுடிகிறதா என்று நாங்கள் பார்த்த பிறகு முதல் வாய்.

தறிப்பட்டறை (சனி, இரவு 9.20)

கடைசியாக ஒன்று. மெட்டி 35 வருஷமாகக் கழலவே இல்லை, வெட்டித்தான் எடுக்கணுமா?

பாயில்ஸ் (சனி, இரவு 9.45)

வெட்டவேண்டாம். புதன் காலை, கால் வீங்குவதற்கு முன், சோப்பு நுரை போட்டு முயலுங்கள். வரவில்லையென்றால் தையல் நூல். ஒரு முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்துப் பாதத்தின் பக்கம் இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். மறுமுனையை மெட்டியை ஒட்டி ஆரம்பித்து, கணுவைத் தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு பாதத்தின் பக்கம் இருக்கும் முனையைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வாருங்கள். நூல் அவிழ அவிழ மெட்டி அதன்மேல் ஏறி நகர்ந்து வரும். அப்படியும் வராவிட்டால் தியேட்டரில் பிளாஸ்திரி ஒட்டி, கரண்ட் கத்தி ஓடும்போது கால் எந்த இரும்பிலும் படாமல் பார்த்துக்கொள்வார்கள். உள்ளே போகும் முன் "மெட்டி கழலலை" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.